கரும்புக்குத் துணைசெய்யும் பெரும் பொறிவண்டுகள்

கள்ளக்குறிச்சி ஜில்லாவில் கரும்பு பிரதானப் பயிர் என்பது யாவரும் அறிந்ததே. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இதனை நம்பியே ஏற்பட்டவை. இப்பயிரின் சத்துருக்களுள் பஞ்சு அசுவினி ஒன்று. 1958-ல் மேற்கு வங்காளத்தில் காணப்பட்ட இது, 2002-ல் மகாராஷ்டிரத்தில் பெருவாரியாய்ப் பரவி, பின்னர் கர்நாடகத்தையும் தமிழ்நாட்டையும் அடைந்தது. இலையின் அடிப்புறத்தில் வெண்பஞ்சு படிந்தாற்போல் கூடியிருந்து சாற்றை உறிஞ்சும். இதன் கழிவாகிய இனிப்பு நீரில் கரும்பூஞ்சணம் படரும். மகசூலும் சர்க்கரைச் சத்தும் குன்றும்.

இவ்வசுவினியைத் தின்னும் பெரும் பொறிவண்டுகள் இருவகை உண்டு. இரண்டும் ஏறக்குறைய அரை அங்குல நீளமுள்ளவை. உருவின் பருமை கண்டு, பயிரைத் தின்பவையென மயங்கி இவற்றை நசுக்குதல் பெருந்தவறாகும்.

பிரித்தறியும் விதம்

1. மெகலோகேரியா டைலடேட்டா: செம்மஞ்சள் நிறம். தலையை அடுத்த மார்புக் கவசத்தில் 2 கரும்புள்ளிகளும், ஒவ்வொரு மேற்சிறகிலும் 5 புள்ளிகளும் இருக்கும். மூங்கிலைப் பற்றும் பஞ்சு அசுவினியையும் இது விரும்பியுண்ணும். ஆதலின் கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் அசுவினி பற்றிய மூங்கிற்புதர்களில் இதனைத் தேடிப் பார்த்தல் தகும்.

2. சினோனிக்கா கிராண்டிஸ்: மார்புக் கவசத்தின் நடுவே ஒரே பெரிய கறுப்புத் திட்டு இருக்கும். மேற்சிறகுகள் கூடும் நடுக்கோட்டின் மீதும் புள்ளிகள் அமைந்திருக்கும்.

பகையை அறிதல்

கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் 28 புள்ளி வண்டும் பொறிவண்டுக் குடும்பத்தையே சேர்ந்தது. பப்ரீஷியஸ் என்னும் டென்மார்க் தேசத்துப் பண்டிதர் 1775-ல் இதற்கும் மெகலோகேரியாவுக்கும் ஒரே இனப்பெயரை இட்டார். பின்வந்தோர் இரண்டையும் வெவ்வேறு இனங்களாகப் பிரித்தனர். அவ்வேற்றுமையைக் குடியானவரும் கண்ணாற் காணலாம். பகைவண்டு சிறியது, முதுகில் நுண்மயிர் படர்ந்து மங்கித் தோன்றும், புழுவின் மேல் கிளைத்த முட்கள் உண்டு. நட்பு வண்டுகளின் முதுகு வழுவழுப்பாய்ப் பளபளக்கும். அவை அசுவினிக் கூட்டத்தின் நடுவே திரியும்.

இவ்வண்டுகள் மட்டுமே பஞ்சு அசுவினியை முற்றும் ஒழித்துவிடா. டைபா என்னும் அந்தின் புழுவும், மைக்ரோமஸ் என்னும் வலைச்சிறகுப் பூச்சியுமே இவ்வேலையில் முதன்மையானவை. எனினும் மருந்து தெளித்தால் இத்துணைகள் யாவும் ஒருங்கே மடியும். ஆகவே தெளிக்குமுன் இலைகளைத் திருப்பி நோக்குவது நலம். இவை மிகுந்திருப்பின் தெளிப்பை நிறுத்தி, சில தினங்கள் கழித்து மீண்டும் பார்வையிட வேண்டும். கிராம அதிகாரிகளும் இவ்வடையாளங்களைக் குடிகளுக்குக் காட்டிக் கொடுப்பார்களாயின், வீண் செலவு குறைந்து பயிரும் காக்கப்படும்.