எண்ணெய் கலந்த நீரும் வெங்காய வேரும்



தெல்தோட்டை மலைச்சரிவுகளில் பீலித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தோருக்கு, கிணற்று நீரில் எண்ணெய் மிதக்கிறது என்பது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் டீசல் இயந்திரமும், எரிபொருள் நிரப்பும் நிலையமும், வாகனம் திருத்தும் கொட்டகையும் மலைநாட்டிலும் உள. மேட்டிலே சிந்தியது பாறை வெடிப்புகளின் வழியே இறங்கிக் கீழுள்ள ஊற்றிலே தலைகாட்டக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் என்ன செய்வது? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு படிப்பினை உண்டு. அது சுன்னாகம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் துவாரங்களிலே தங்கும் மழைநீரே அங்கு குடிநீரும் தோட்டநீரும் ஆகும். சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிலே பெருங்கிளர்ச்சியை எழுப்பிற்று. ஆய்வறிக்கைகளோ ஒன்றோடொன்று முரண்பட்டன. ஈற்றில் 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியைக் கொண்டு, அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கவேண்டுமெனத் தீர்த்தது.

ஒரே ஊர்க் கிணறுகளைப் பற்றி இருவேறு விடைகள் எவ்வாறு பிறக்கின்றன? எண்ணெய் என்பது ஒரு பொருளன்று. நூற்றுக்கணக்கான சேர்வைகளின் கூட்டம். அவற்றுட் பாரமானவை படலமாய் மிதக்கும். பென்சீன் போன்றவை கண்ணுக்குத் தெரியாமற் கரைந்துவிடும். ஒருவர் மொத்த எண்ணெயையும் கிரீசையும் அளக்கிறார். மற்றவர் பென்சீனைத் தேடுகிறார். இருவரும் உண்மையே சொல்லக்கூடும். பென்சீன் புற்றுநோய் விளைப்பது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமையே அதற்கு எல்லையாக வகுத்துள்ளது. பெற்றோலின் நிறையில் நூற்றிலொரு பங்கு பென்சீன் எனக் கொண்டால், ஒரு லீற்றர் பெற்றோலிலுள்ள பென்சீன் 5 இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதும்.

இனிச் சுத்திகரிப்பு. முதலில் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பர். பின்னர் நீரை இறைத்துக் காற்றூட்டினால் பென்சீன் முதலியன ஆவியாய் அகலும். எஞ்சியதை உயிர்ப்பூட்டிய கரி பற்றிக்கொள்ளும். நமது தேங்காய்ச் சிரட்டை அக்கரிக்கு மிகச் சிறந்த மூலப்பொருளாகும். நிலத்தடியிலேயே பற்றீரியாக்களுக்கு ஒட்சிசனும் நைதரசன், பொசுபரசுச் சத்துகளும் அளித்து எண்ணெயை உண்ணச் செய்வது பிறிதொரு முறை. இது மலிவானது, ஆனாற் காலம் பிடிப்பது. இதிலே ஒரு சிக்கலும் உண்டு. எண்ணெய் சிதையுங்கால் தோன்றும் இடைப்பொருள்கள் சில, தாய்ப்பொருளினும் எளிதில் நீரிற் கரைவன. எண்ணெயின் அளவு குறைந்ததென்று கருவி கூறும்போதும் நீரின் நச்சுத்தன்மை குறையாதிருத்தல் கூடும்.

ஆகையால் இரசாயன அளவோடு உயிரையும் சாட்சிக்கு அழைக்கின்றனர். தப்னியா என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரை மாதிரி நீரில் 48 மணி நேரம் விட்டு, எத்தனை அசைவற்றுப் போயின என எண்ணுவர். ஒளிவீசும் கடற்பற்றீரியாவின் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று அளப்பது அரைமணிக்குள் முடிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வெங்காயச் சோதனை. 1938இல் லெவான் என்பவர் வகுத்த இம்முறையிலே, வெங்காயத்தின் அடியை மாதிரி நீரிலும் தூய நீரிலும் தனித்தனியே தொடவைத்து, சில நாட்களில் வேர்களின் நீளத்தை ஒப்பிடுவர். வேர் குறுகினால் நீரில் ஏதோ தீங்குண்டு. நுனியை நுணுக்குக்காட்டியில் நோக்கினால், கலங்கள் பிரியும்போது நிறமூர்த்தங்கள் முறிந்துள்ளனவா என்பதும் தெரியும். செங்காயமே சுன்னாகத்துக் கமக்காரரின் பயிர் என்பதை எண்ணும்போது, இதிலும் பொருத்தமான சாட்சி வேறு ஏது? ஆனால் வேர் நன்கு வளர்ந்தது என்பதால் மட்டும் அந்நீர் குடிக்க உகந்ததென்று முடிவு செய்தலாகாது; வெங்காயம் சில நாள் சாட்சியே, மனிதனோ அதனைப் பல்லாண்டு பருகுகிறான்.

நீரிலே எண்ணெய் மணத்தால் அதனைக் கொதிக்கவைத்துக் குடிக்க முயலவேண்டாம். ஆவி சமையலறையிலே பரவும், பாரமான எண்ணெய் பாத்திரத்திலேயே தங்கும். சோதனைக்கு அனுப்பும் நீரைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலிலே காற்றுக்குமிழியின்றி நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டியிடையே வைத்து அன்றே ஆய்வுகூடத்திற் சேர்ப்பிக்கவேண்டும். பிளாஸ்ரிக் போத்தலாயின் எண்ணெயில் ஒரு பகுதி அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.