உங்களுக்குத் தெரியுமா? வெப் டெவலப்பரின் எக்ஸ்டென்ஷன்கள்

பிரவுசரின் மேல் மூலையில் வரிசையாக நிற்கும் சின்னப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு, ஒரு வரலாறும் உண்டு. வெப் டெவலப்பர்களுக்குக் கைகொடுக்கும் எக்ஸ்டென்ஷன்கள் பற்றிய துணுக்குகள் இதோ. எவை உதவும் என்பதோடு, எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

முன்னோடி யார்?

விண்டோஸ் கணினியில் எஃப்12 விசையைத் தட்டினால் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் எதிலும் டெவலப்பர் டூல்ஸ் திறக்கிறது. அதற்குப் பாதை போட்டது ஃபயர்பக் என்ற எக்ஸ்டென்ஷன். ஃபயர்பாக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஹெவிட் 2006 ஜனவரியில் அதை வெளியிட்டார். திறந்திருக்கும் பக்கத்தின் எச்.டி.எம்.எல்.லை அங்கேயே திருத்தி, அந்த நொடியே விளைவைப் பார்க்கலாம் என்பது அன்று பெரிய விடுதலை. பிழை தேடத் தினமும் எழுதுகிறோமே கன்சோல் லாக், அந்தக் கட்டளையைப் பரவலாக்கியதும் ஃபயர்பக்தான். அதன் வேலைகள் ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே வந்து சேர்ந்ததால் 2017-இல் அது நிறுத்தப்பட்டது.

எக்ஸ்டென்ஷனுக்கே ஓர் எக்ஸ்டென்ஷன்

2007-இல் யாஹூ வெளியிட்ட ஒய்ஸ்லோ தொடக்கத்தில் தனியாக ஓடவில்லை. ஃபயர்பக் இருந்தால்தான் ஓடியது. பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று ஆராய்ந்து ஏ முதல் எஃப் வரை தரம் போட்டது. இதற்குப் பின்னால் இருந்தவர் ஸ்டீவ் சவுடர்ஸ். பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு சர்வரில் செலவாவதில்லை, பிரவுசர் பக்கத்தில்தான் செலவாகிறது என்பது அவர் நிறுவிய உண்மை. கூகுளின் பேஜ் ஸ்பீடும் 2009-இல் ஃபயர்பக்கின் மேல் ஏறித்தான் வந்தது.

20 ஆண்டுகளைத் தாண்டிய கருவி

கிறிஸ் பெடரிக் எழுதிய 'வெப் டெவலப்பர்' 2003-இல் பிறந்தது. இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரே சொடுக்கில் சி.எஸ்.எஸ்.ஸை அணைக்கலாம், மாற்று உரை இல்லாத படங்களைக் கோடிட்டுக் காட்டச் சொல்லலாம், பக்கத்தின் தலைப்புகளை எல்லாம் வரிசையாக எடுத்துப் பார்க்கலாம். சி.எஸ்.எஸ்.ஸை அணைத்த பிறகும் உங்கள் பக்கம் மேலிருந்து கீழே ஒழுங்காகப் படிக்கும்படி இருந்தால், அதன் அடித்தளம் சரியாக இருக்கிறது என்று நம்பலாம்.

இந்தத் தளம் எதில் கட்டப்பட்டது?

வாப்பலைசர் என்ற எக்ஸ்டென்ஷன் இதைச் சொல்லிவிடும். மாயம் எதுவும் இல்லை. பக்கத்தின் எச்.டி.எம்.எல்., ஸ்கிரிப்ட் கோப்புகளின் பெயர்கள், சர்வர் அனுப்பும் ஹெடர்கள், குக்கிகள் ஆகியவற்றில் கிடக்கும் தடயங்களைப் பொருத்திப் பார்க்கிறது. வேர்ட்பிரஸ் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் பக்கத்தின் மெட்டா வரியில் தானாகவே எழுதிவைக்கும். பல ஆண்டுகள் திறந்த மூலமாக இருந்த வாப்பலைசர் 2023-இல் தன் நிரலை மூடிக்கொண்டது.

சிவப்பு நிறம் எச்சரிக்கை

ரியாக்ட் டெவலப்பர் டூல்ஸ் நிறுவியிருக்கிறீர்களா? ரியாக்டில் எழுதிய தளத்தைத் திறந்ததும் அதன் சின்னத்தின் நிறத்தைக் கவனியுங்கள். அடர்நிறம் என்றால் வெளியீட்டுக்கான பதிப்பு. சிவப்பு என்றால் டெவலப்மென்ட் பதிப்பு, கனமானது, மெதுவானது. வாடிக்கையாளரின் தளத்தை ஏற்றி முடித்ததும் ஒருமுறை இந்தச் சின்னத்தைப் பார்ப்பது நல்ல வழக்கம். எந்தப் பகுதி தேவையில்லாமல் திரும்பத் திரும்ப வரையப்படுகிறது என்பதை இதே கருவியின் புரொஃபைலர் தாவல் பதிவுசெய்து காட்டும்.

பின்னோக்கி ஓடும் காலம்

ரீடக்ஸ் டெவ்டூல்ஸில் நிரல் கடந்து வந்த ஒவ்வொரு நிலைக்கும் திரும்பிப் போகலாம். பயனர் எந்தப் பொத்தானை அழுத்திய பிறகு தவறு நுழைந்தது என்று படிப்படியாகப் பின்னே நகர்ந்து பிடித்துவிடலாம். ரீடக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் அப்ரமோவ் 2015-இல் பாரிஸில் நடந்த ரியாக்ட் யூரோப் மாநாட்டில் இதை மேடையிலேயே செய்துகாட்டினார்.

கடைசி இலக்கம் மாறிவிட்டதா?

ஏ.பி.ஐ. அனுப்பும் ஜேசன் தரவை அழகாக மடித்து விரித்துக் காட்டும் எக்ஸ்டென்ஷன்கள் பல உண்டு. ஃபயர்பாக்ஸில் அந்த வசதி கூடவே வருகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 9007199254740991-ஐத் தாண்டிய முழு எண்களை ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகையால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. அதனால் சில எக்ஸ்டென்ஷன்கள் காட்டும் நீளமான அடையாள எண்ணின் கடைசி இலக்கங்கள் மாறியிருக்கலாம். ட்விட்டர் தன் ஏ.பி.ஐ.யில் பதிவு எண்ணை எழுத்துச்சரமாகவும் சேர்த்து அனுப்பியது இதற்காகத்தான். ஐயம் வந்தால் நெட்வொர்க் தாவலில் மூலத் தரவைப் பாருங்கள்.

இரண்டு சாம்பல் நிறங்கள்

வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற சாம்பல் எழுத்தையும் #767676 என்ற சாம்பல் எழுத்தையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆனால் அணுகல்தன்மை விதி சாதாரண எழுத்துக்குக் கேட்கும் 4.5:1 மாறுபாட்டை இரண்டாவது எட்டிவிடும், முதலாவது 4.48-இல் நின்று தோற்றுவிடும். இதைக் கண் சொல்லாது, கருவி சொல்லும். நிறத்தைத் தொட்டெடுக்க 2004 முதல் கலர்ஸில்லா இருக்கிறது. மாறுபாட்டு விகிதத்தை டெவலப்பர் டூல்ஸின் நிறத்தேர்வுப் பெட்டியே காட்டும்.

உள்வலைப் பக்கங்களுக்கும் சோதனை

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் என்ற அமைப்பு உருவாக்கியது வேவ் எக்ஸ்டென்ஷன். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் எங்கே தடுக்கி நிற்பார்கள் என்பதைப் பக்கத்தின் மேலேயே குறியிட்டுக் காட்டும். சோதனை முழுவதும் உங்கள் பிரவுசருக்குள்ளேயே நடப்பதால், கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பக்கங்களையும் அலுவலக உள்வலைப் பக்கங்களையும் தயக்கமின்றிச் சோதிக்கலாம்.

மீதியை யார் பார்ப்பது?

டீக்யூ நிறுவனத்தின் ஆக்ஸ் டெவ்டூல்ஸ் அணுகல்தன்மைச் சோதனையில் பெரிய பெயர். கூகுளின் லைட்ஹவுஸ் அணுகல்தன்மையை மதிப்பிடுவதும் ஆக்ஸின் திறந்த மூல நிரலை வைத்துத்தான். அந்த நிறுவனமே சொல்லும் கணக்குப்படி, தானியங்கிச் சோதனை பிடிப்பது சராசரியாக 57 விழுக்காடு குறைகளை. மீதியை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும். மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் உங்கள் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். பல குறைகள் உடனே தெரியவரும்.

மதிப்பெண் ஏன் மாறுகிறது?

லைட்ஹவுஸ் 100-க்கு மதிப்பெண் போடும். 90 முதல் 100 வரை பச்சை, 50 முதல் 89 வரை ஆரஞ்சு, அதற்குக் கீழே சிவப்பு. 2016-இல் எக்ஸ்டென்ஷனாக வந்து, அடுத்த ஆண்டே குரோமின் டெவலப்பர் டூல்ஸுக்குள் இடம்பிடித்தது. மொபைல் சோதனையின்போது நடுத்தர விலை செல்போனும் மெதுவான 4ஜி இணைப்பும் இருப்பதுபோல் கணக்கிடும். உங்கள் மற்ற எக்ஸ்டென்ஷன்களும் பக்கத்துக்குள் நிரலை நுழைப்பதால் மதிப்பெண் குறையலாம். இன்காக்னிடோ சாளரத்தில் ஓட்டுங்கள். நீங்களாக அனுமதிக்காதவரை அங்கே எக்ஸ்டென்ஷன்கள் இயங்குவதில்லை.

தமிழ் எழுத்து எந்த ஃபான்ட்டில் வருகிறது?

ரோபோட்டோ ஃபான்ட்டில் தமிழ் எழுத்துகளே கிடையாது. ஒரு தமிழ்ப் பக்கத்துக்கு ரோபோட்டோ என்று மட்டும் எழுதிவைத்தால், பிரவுசர் கணினியில் இருக்கும் வேறொரு தமிழ் ஃபான்ட்டைத் தேடி எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யுஐ. ஆப்பிள் கணினியில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த ஃபான்ட்கள் இருக்கின்றன. ஆகவே ஃபான்ட் பெயர் சொல்லும் எக்ஸ்டென்ஷனை மட்டும் நம்பித் தமிழ்ப் பக்கத்தை மதிப்பிட வேண்டாம், அது சி.எஸ்.எஸ்.ஸில் எழுதிய பெயரையே சொல்லக்கூடும். குரோம் டெவலப்பர் டூல்ஸில் கம்ப்யூட்டட் தாவலின் அடியில், உண்மையில் வரையப்பட்ட ஃபான்ட்டின் பெயர் இருக்கும்.

யூனிகோடுக்கு முந்தைய நாட்களில்

இந்திய மொழித் தளங்கள் ஆளுக்கொரு குறியாக்கத்தைப் பயன்படுத்திய காலம் ஒன்று உண்டு. உரிய ஃபான்ட் இல்லாவிட்டால் திரையில் புரியாத எழுத்துகளே தெரியும். அப்போது ஃபயர்பாக்ஸில் 'பத்மா' என்ற எக்ஸ்டென்ஷன் வந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளின் பழைய குறியாக்கப் பக்கங்களைப் படிக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றித் தந்தது.

நோயை மறைக்கும் மருந்து

கோர்ஸ் பிழையை நீக்குவதாகச் சொல்லும் எக்ஸ்டென்ஷன்களைப் பலர் நிறுவுகிறார்கள். அவை உங்கள் பிரவுசரில் மட்டும் பிழையை மறைக்கின்றன. உங்கள் பயனருக்கு அதே பிழை வரத்தான் செய்யும். ஒரு தளம் இன்னொரு தளத்தின் தரவைப் படிக்காமல் தடுக்கும் காவலையும் அவை உங்கள் கணினியில் தளர்த்திவிடுகின்றன. சர்வரில் சரியான ஹெடரைச் சேர்ப்பதுதான் தீர்வு.

ஒரே பக்கம், இரண்டு உலகங்கள்

எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குள் அனுப்பும் ஸ்கிரிப்ட், பக்கத்தின் உறுப்புகளைப் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் பக்கத்தின் சொந்த ஜாவாஸ்கிரிப்ட் மாறிகளை நேரடியாகத் தொட முடியாது. பக்கமும் அந்த ஸ்கிரிப்ட்டின் மாறிகளைப் பார்க்க முடியாது. இரண்டும் தனித்தனி அறைகளில் இயங்குகின்றன.

திறந்து படிக்கலாம்

ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷனின் கோப்பு ஒரு ஜிப் கோப்புதான். குரோமுடையதும் முன்னால் சிறு தலைப்புப் பகுதி சேர்ந்த ஜிப் கோப்பே. உள்ளே இருப்பவை எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட். வெப் டெவலப்பருக்குத் தெரிந்த மொழிகளே என்பதால் நிறுவும் முன் நீங்களே விரித்துப் படிக்கலாம்.

பி-க்கு மேல் எழுத்து இல்லை

குரோம் எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றுக்கும் 32 எழுத்துகளில் ஓர் அடையாளம் உண்டு. அதில் ஆங்கில ஏ (a) முதல் பி (p) வரையிலான 16 எழுத்துகள் மட்டுமே வரும். எக்ஸ்டென்ஷனின் பொதுச் சாவியிலிருந்து கணக்கிட்ட பதினாறடிமான எண்ணைத்தான் அப்படி எழுத்தாக மாற்றி வைக்கிறார்கள்.

நல்லவரின் கருவியும் கைமாறலாம்

2017 ஆகஸ்டில் கிறிஸ் பெடரிக்கிடமிருந்து போலி மின்னஞ்சல் ஒன்றின் மூலம் கணக்கைப் பறித்தவர்கள், 'வெப் டெவலப்பர்' எக்ஸ்டென்ஷனின் குரோம் பதிப்பில் விளம்பர நிரலைச் சேர்த்து வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். புதுப்பிப்பு தானாகவே நிறுவப்படும் என்பதால் யாரும் எதையும் சொடுக்கத் தேவையிருக்கவில்லை. பெடரிக் நடந்ததை வெளிப்படையாக அறிவித்துச் சரியான பதிப்பை வெளியிட்டார்.

விற்கப்பட்ட நம்பிக்கை

தாவல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய 'தி கிரேட் சஸ்பெண்டர்' 2020-இல் வேறொருவர் கைக்குப் போனது. தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனே களவாடப்பட்டது. அதை வைத்திருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர்.

புதிய விதி

மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய முறையில் எக்ஸ்டென்ஷன் தன் நிரலை வெளியிலிருந்து இறக்கி ஓட்டக் கூடாது. எல்லாம் தொகுப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். 2025-இல் குரோம் பழைய முறையை முற்றாக நிறுத்தியது. அதனால் ரேமண்ட் ஹில் எழுதிய விளம்பரத் தடுப்பான் யூபிளாக் ஆரிஜினின் முழுப் பதிப்பு குரோமில் ஓடாது, ஃபயர்பாக்ஸில் ஓடும்.

அனுமதியைச் சுருக்கலாம்

எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கிற எக்ஸ்டென்ஷனுக்கு, உங்கள் வங்கிப் பக்கமும் வாடிக்கையாளரின் நிர்வாகப் பக்கமும் திறந்த புத்தகம். குரோமில் 2018 முதல் இதைக் கட்டுப்படுத்த முடிகிறது. எக்ஸ்டென்ஷன் அமைப்புக்குள் போய், சொடுக்கும்போது மட்டும் அல்லது குறிப்பிட்ட தளங்களில் மட்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். டெவலப்பர் வேலைக்கென்று தனி புரொஃபைல் ஒன்றை வைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

சொந்தமாகச் செய்ய மூன்று வரி போதும்

எக்ஸ்டென்ஷனை விவரிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் கட்டாயமாக இருக்க வேண்டியவை மூன்றுதான்: பெயர், பதிப்பு எண், மேனிஃபெஸ்ட் பதிப்பு. குரோமில் டெவலப்பர் மோடை இயக்கி, அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையை நேரடியாக ஏற்றினால் உங்கள் எக்ஸ்டென்ஷன் தயார். உங்களுக்காக மட்டும் என்றால் கட்டணம் எதுவும் இல்லை. குரோம் வெப் ஸ்டோரில் வெளியிட ஒரே ஒருமுறை 5 டாலர் கட்ட வேண்டும். ஃபயர்பாக்ஸ் தளத்தில் அதுவும் கிடையாது.

செய்து பாருங்கள்

இன்றே உங்கள் பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறங்கள். எஃப்12 தருகிற வசதிக்காகவே வைத்திருப்பவற்றை நீக்குங்கள். எதற்காக நிறுவினோம் என்றே நினைவில்லாதவற்றையும் நீக்குங்கள். மீதமுள்ளவற்றின் அனுமதியைத் தேவைப்படும் தளங்களோடு நிறுத்துங்கள். தினமும் கைகொடுக்கும் எக்ஸ்டென்ஷனை இலவசமாகத் தருபவருக்கு ஒரு பிழை அறிக்கையோ சிறு நன்கொடையோ அனுப்புங்கள். நல்ல கருவிகள் தவறான கைகளுக்குப் போகாமல் காக்க அந்த ஆதரவும் உதவும்.