புளிப்புக் காவல்: குறைப்பிரசவமும் பிறப்புறுப்பின் பாக்டீரியாக்களும்

பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் முதன்மையானது லாக்டோபேசிலஸ். ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892இல் இதை விவரித்தார். தயிரில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு இது உறவு. இரண்டும் செய்யும் வேலையும் ஒன்றுதான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலில் பாதையின் சுவர்ச் செல்கள் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைச் சேர்த்து வைக்கின்றன. செல்கள் உதிரும்போது அது சிறு சர்க்கரைகளாக உடைகிறது. லாக்டோபேசிலஸ் அதை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். பாதையின் பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை இறங்கிவிட, அந்தப் புளிப்பில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் தலையெடுக்க முடிவதில்லை. குடலில் பல வகைக் கிருமிகள் கலந்திருப்பது நல்லது. இங்கே ஒரே இனம் ஓங்கியிருப்பதே பாதுகாப்பு.

லாக்டோபேசிலஸிலும் எல்லாம் ஒரே தரமல்ல. கிரிஸ்பேடஸ் என்ற வகை உறுதியான காவல். ஐனர்ஸ் என்ற வகை கெட்ட கிருமிகள் பெருகும் சூழலிலும் அவற்றோடு ஒத்துப்போய்விடும். 2011இல் வட அமெரிக்காவில் நோய் அறிகுறி ஏதுமற்ற 396 பெண்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய கால்வாசிப் பேரிடம் லாக்டோபேசிலஸின் ஆதிக்கமே இல்லை. பல வகைக் கிருமிகள் கலந்திருந்தன. ஆகவே, கலப்பு இருப்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை.

லாக்டோபேசிலஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா போன்றவை பெருகிவிடும் நிலைக்கு பாக்டீரியல் வஜினோசிஸ் என்று பெயர். நீர்த்த, சாம்பல் நிறக் கசிவும் மீன் வாடையும் இதன் அடையாளங்கள். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. நம் வீடுகளில் இதையும், பூஞ்சையால் வரும் அரிப்போடு கூடிய கட்டியான கசிவையும், இயல்பான கசிவையும் சேர்த்து ‘வெள்ளைப்படுதல்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மூன்றும் வேறு வேறு; முதல் இரண்டுக்கும் மருந்தும் வேறு வேறு, இயல்பான கசிவுக்கு மருந்தே தேவையில்லை. சொல்லக் கூச்சப்பட்டு மருந்துக்கடையில் தானாக வாங்கிக்கொள்ளும் மருந்து பல நேரம் தவறான மருந்தாகிவிடுவது இதனால்தான்.

பரிசோதனை எளிது. கசிவில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, காரக் கரைசல் ஒரு சொட்டு விட்டால் மீன் வாடை குப்பென்று எழும். இன்னொரு துளியை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆரோக்கியமான சுவர்ச் செல் தட்டையாக, ஓரம் தெளிவாகத் தெரியும். வஜினோசிஸ் இருந்தால் செல்லின் மேல் ரவையைத் தூவியது போலக் கிருமிகள் அப்பிக்கொண்டு, ஓரமே மறைந்துபோயிருக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ட்னரும் டியூக்ஸும் 1955இல் இவற்றைத் ‘துப்புக் கொடுக்கும் செல்கள்’ என்றார்கள்.

வஜினோசிஸ் பற்றிய கவலை குறைப்பிரசவம் வரை நீள்கிறது. 37 வாரம் முடிவதற்கு முன் பிறப்பது குறைப்பிரசவம். 2020இல் உலகில் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதில் ஏறக்குறைய 30 லட்சம் இந்தியாவில். அமெரிக்காவில் 10,397 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 1995இல் வெளியான ஆய்வில், வஜினோசிஸ் இருந்தவர்களுக்குக் குறைமாதத்தில் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2019இல் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் நடந்த ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. முன்கூட்டியே பிரசவித்தவர்களிடம் கிரிஸ்பேடஸ் குறைந்தும், ஸ்னீத்தியா போன்ற கிருமிகள் கூடியும் இருந்தன.

இது எப்படி நடக்கிறது? கர்ப்ப காலத்தில் கருப்பைவாயைக் கெட்டியான சளி அடைப்புப் போல மூடியிருக்கும். சில கிருமிகள் அந்தச் சளியைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. வழி கிடைத்ததும் அவை மேலே ஏறுகின்றன. தாயின் நோய் எதிர்ப்புச் செல்கள் அவற்றை அடையாளம் கண்டு அழற்சியைக் கிளப்புகின்றன. அழற்சியால் புரோஸ்டாகிளாண்டின்கள் பெருகுகின்றன. கருப்பைவாயை இளக்கி, பிரசவ வலியைத் தொடங்கிவைப்பவை இவைதான். பனிக்குடச் சவ்வும் நொதிகளால் நைந்து, நேரத்துக்கு முன்பே உடையலாம். வெளியாரை விரட்ட உடல் மூட்டும் நெருப்பே கருவை அவசரமாக வெளியேற்றிவிடுகிறது.

அப்படியானால் கிருமியைக் கொன்றால் போதுமே என்றுதான் மருத்துவர்களும் நினைத்தார்கள். வஜினோசிஸ் இருந்தும் அறிகுறியற்ற 1,953 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்த ஆய்வு 2000இல் வந்தது. வஜினோசிஸ் குறைந்தது, குறைப்பிரசவம் குறையவில்லை. பிரான்ஸில் 84,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து, வஜினோசிஸ் இருந்தவர்களிடம் கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. அதிலும் பலன் தெரியவில்லை. ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியைக் கொல்லும். விரட்டப்பட்ட காவலைத் திரும்பக் கொண்டுவராது. அதனால் வஜினோசிஸ் மீண்டும் மீண்டும் வருகிறது. குறைப்பிரசவத்துக்கும் இது ஒன்றே காரணமல்ல: இரட்டைக் குழந்தை, உயர் ரத்த அழுத்தம், கருப்பைவாய் குட்டையாக இருப்பது எனப் பல உண்டு. வஜினோசிஸ் இருந்தும் மாதம் நிறைந்து பெறுபவர்களே அதிகம். குழந்தை முந்திப் பிறந்துவிட்டால் “பப்பாளி தின்றாள், குடம் தூக்கினாள்” என்று தாயின் மேல் பழி போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பட்டியலில் “சுத்தமில்லை” என்ற இன்னொரு பழியைச் சேர்க்க இந்த ஆய்வுகள் எதிலும் இடமில்லை.

சுத்தத்தின் பெயரால் பாதையின் உட்புறத்தில் நீரையோ திரவ சோப்பையோ பீய்ச்சிக் கழுவுவதுதான் உண்மையில் கெடுதல். அது லாக்டோபேசிலஸையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். வெளிப்புறத்தை நீரால் கழுவினால் போதும். தயிரைத் தடவுவதாலும் பயனில்லை, தயிரில் உள்ளவை வேறு வகைகள். அறிகுறி உள்ள கர்ப்பிணிக்கு மருத்துவர் மருந்து தருவார். அறிகுறியும் கூடுதல் ஆபத்தும் இல்லாத எல்லோரையும் சோதிக்கும் வழக்கம் பரிந்துரைக்கப்படவில்லை.

இப்போது ஆய்வாளர்கள் கிரிஸ்பேடஸையே திரும்பக் குடியேற்றப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 228 பெண்களுக்கு முதலில் மெட்ரோனிடசோல் கொடுத்து, பிறகு ஒரு பகுதியினருக்குக் கிரிஸ்பேடஸ் பொடியைப் பாதையினுள் வைத்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, 12 வாரத்துக்குள் வஜினோசிஸ் திரும்பியது கிரிஸ்பேடஸ் பொடி வைத்தவர்களில் 30 சதவீதத்தினருக்கு. வெற்றுப் பொடி வைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கு. அந்தப் பெண்கள் யாரும் கர்ப்பிணிகள் அல்லர். எனவே, குடியேற்றிய காவல் கருவையும் காக்குமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வு விடை தரவில்லை.