மல்லாட்டை காட்டும் பெரு நாடு

ஸ்பானிய மொழி வழங்கும் பெரு நாட்டைச் சிறுவர்க்கு எங்ஙனம் அறிமுகம் செய்வது? செஞ்சிப் பிள்ளைகளுக்கு ஒரு பிடி மல்லாட்டையில் தொடங்கலாம் என்பேன். நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. 1898 வரை ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மணிலாவின் பெயரால் அது நம் பக்கத்தில் மணிலாக்கொட்டையாகி, பேச்சில் மல்லாட்டையாயிற்று. பெருவிலுள்ள சிப்பானில், சுமார் 1,700 ஆண்டுப் பழமையான தலைவன் ஒருவனின் கல்லறை 1987-இல் கண்டறியப்பட்டது. அதில் பொன்னில் 10, வெள்ளியில் 10 எனக் கடலை வடிவங்கள் கோத்த கழுத்தணி இருந்தது. நாம் கொறிப்பதை அவர்கள் பூண்டனர்! இராசகிரி ஏறிய கால்களுக்கு, இன்கா மக்கள் சாந்தின்றிக் கல்லடுக்கிய மச்சு பிச்சு மலைநகரும் எளிதில் விளங்கும். தன் தந்தை விதைப்பதே அங்கும் விளைகிறது என்றறிந்த பிள்ளைக்குப் பெரு இனி அந்நிய நாடாகுமோ?