மீன்தொட்டிக்கு ஒரு மரத்தாங்கி

கலப்பை செதுக்கியவர்களுக்கும், வண்டில் நுகம் இழைத்தவர்களுக்கும், பரண் கட்டி இரவிரவாக யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்தவர்களுக்கும் தச்சுவேலை புதிய வேலை அல்ல. 1990ஆம் ஆண்டிலும், பின்னர் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் படுவான்கரையிலும் வாகரைப் பக்கத்திலும் இருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களிடமிருந்து வயல் கைவிட்டுப் போனது. கையிலிருந்த வேலை போகவில்லை. விதைக்கக் காணி இல்லாத காலத்தில் ஒரு வாள், ஒரு சீவுளி, இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி ஆகியவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்து விற்கலாம் என்று கேட்பவர்களுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

கதிரை, மேசையில் பிளாஸ்ரிக் பொருளோடு போட்டிபோட வேண்டியிருக்கின்றது. மீன்தொட்டித் தாங்கி அப்படி அல்ல. கடைக்காரர் இதனை 'ஸ்டாண்ட்' என்பார். தொட்டிகள் பல அளவில் வருவதால் தாங்கியும் தொட்டிக்குத் தக்கதாகச் செய்யப்பட வேண்டும். அளந்து செய்பவருக்கு அங்கே இடம் உண்டு. மீன்பாடும் தேனாடு என்று பெயர் எடுத்த ஊரில் மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க ஆசைப்படுவதில் வியப்பும் இல்லை. 1853ஆம் ஆண்டு லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென்று ஒரு மண்டபம் திறந்தபோது சனம் திரண்டு போய்ப் பார்த்ததாம். நமது நாட்டில் கப்பி முதலிய அலங்கார மீன்கள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த 'நக்டா' எனப்படும் அதிகாரசபையின் பணிகளில் அலங்கார மீன் வளர்ப்பும் ஒன்று. மீன் வளர்ப்பைப் பற்றி வேறாகத்தான் எழுத வேண்டும். இங்கே மரவேலையை மட்டும் பார்ப்போம்.

எவ்வளவு பாரம்?

முதலில் பாரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். அநேகர் இதனைச் செய்வதில்லை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டியை (மூன்று அடித் தொட்டி என்று விற்பது இதுதான்) மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 160 லீற்றர் பிடிக்கும். 6 மில்லிமீற்றர் கண்ணாடியின் பாரம் 24 கிலோ அளவில் வரும். அடியில் போடும் பரல்மண் 15 கிலோ என்று வைத்தால் எல்லாமாக 200 கிலோ. அதாவது நான்கு சீமெந்துப் பை. நெல் மூடையை அடுக்கினாலும் ஒரு நாள் இறக்கிவிடுகிறோம். தொட்டியோ வருடக்கணக்கில் இரவு பகல் அதே இடத்தில் இருக்கும். பாரம் நீண்டகாலம் நின்றால் மரம் மெல்ல மெல்லத் தொய்யும். இன்று வளையாத சட்டம் இரண்டு வருடத்தில் வளையலாம்.

இன்னொரு விடயம் கண்ணாடியைப் பற்றியது. பழைய காலத்துத் தொட்டிகளுக்கு இரும்புச் சட்டம் இருந்தது. இப்போதைய தொட்டி ஐந்து கண்ணாடித் துண்டுகளைச் சிலிக்கோன் பசையால் ஒட்டியது. அதற்கு வேறு எலும்பு கிடையாது. கண்ணாடி நேராக அழுத்தும் பாரத்தைத் தாங்கும், முறுக்கலைத் தாங்காது. தாங்கியின் ஒரு மூலை தீக்குச்சித் தடிப்பு அளவு தாழ்ந்தால் போதும், ஒரு நாள் நடுச்சாமத்தில் கண்ணாடி வெடித்து வீடு முழுவதும் வெள்ளமாகும். அதோடு செய்தவருடைய பெயரும் போய்விடும். ஆகவே அழகான கடைசல் கால், பூவேலை எல்லாம் பிறகு. மட்டமும் பலமும்தான் முதலில்.

பரண் கட்டியவர்களுக்கு இதனை அதிகம் விளக்கத் தேவையில்லை. பரணின் தட்டைக் காலின் பக்கத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட மாட்டோம். கவர்க்கால் நட்டு, கவரின் மேல் வளையை ஏற்றுவோம். பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கி நிலத்துக்குப் போகும். கயிறு அசையாமல் பிடித்திருக்க மட்டுமே. தாங்கியிலும் அப்படித்தான். ஆணியும் திருகாணியும் கயிற்றின் இடத்தில் இருக்க வேண்டும். 200 கிலோவையும் திருகாணியில் தொங்கவிட்ட தாங்கிகளை நாங்கள் பட்டணத்து வீடுகளில் கண்டிருக்கின்றோம். மேலே பொலிஷ் பளபளக்கும், உள்ளே நான்கு திருகாணி மட்டும்.

என்ன மரம்?

பழைய வீடுகளின் கைமரங்களில் முதிரையும் பாலையும் இருந்தன. இன்று அவை அருமை. தேக்கு நல்லது, விலை கூட. வேம்பு நமக்குக் கைக்கெட்டிய மரம்; கறையான் இலேசில் தொடாது, உளிக்கும் இணங்கும். பலா வேலைக்கு இனியது. நன்றாக முதிர்ந்த பனையின் வெளிவைரம் பாரம் தாங்குவதில் எதற்கும் சளைத்ததல்ல, ஆனால் சிலாம்பு ஏறும், சீவுளியின் வாயைக் கெடுக்கும். மேலே தெரியாத குறுக்குச் சட்டங்களுக்கு அதனைப் பயன்படுத்தலாம். மலைவேம்பு இலேசான மரம், காலுக்கு வேண்டாம்.

வாவிக் கரையில் நிற்கும் கண்டலில் கை வைக்க வேண்டாம். இறாலும் மீனும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்குவது அதன் வேர்களுக்கிடையில்தான். கண்ணாடித் தொட்டி மீனுக்காக வாவி மீனின் தொட்டிலை வெட்டுவது நல்ல வியாபாரம் அல்ல. ஆற்றங்கரை மருதும் அப்படியே. கரையைப் பிடித்து வைத்திருப்பது அது.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. கிராம சேவையாளரிடம் கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். மரத்தை ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படும். மரக்காலையில் வாங்கினால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வழியில் மறித்துக் கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.

இடிந்த வீட்டு மரம் கிடைத்தால் அதைவிட நன்றாகக் காய்ந்த மரம் வேறில்லை. ஆனால் ஆணி தங்கியிருக்கும். ஒரு காந்தத்தால் தடவிப் பார்த்துப் பிடுங்கிய பின்னரே சீவுளி போடுங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வளையும் கைமரமும் உங்கள் சொந்த வீட்டு மரமாக இருந்து, திரும்பவும் கூரை ஏறும் என்ற எண்ணம் இருந்தால், அதனைத் துண்டாக்கி ஸ்டாண்ட் செய்ய வேண்டாம். அதற்கு ஈடான மரத்தை மறுபடி வாங்குவது கடினம்.

பச்சை மரம் கூடவே கூடாது. ஒரு அங்குலத் தடிப்புப் பலகை நிழலில் காய ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். நிலத்திலிருந்து உயர்த்தி, இடையிடையே சிறு கட்டை வைத்து, காற்று ஓடும்படி அடுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்கள் இதற்கு வாய்ப்பானவை, ஆனால் நேர்வெயிலில் போட்டால் நுனி வெடிக்கும். காய்ந்ததா என்று அறிய ஒரு துண்டைக் குறித்து வைத்துக் கிழமைக்கு ஒருமுறை கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நிறை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

செய்யும் முறை

தொட்டியை நேரில் அளவுங்கள். 'மூன்று அடி' என்ற வாய்ச்சொல்லை நம்பி வெட்டக் கூடாது. தட்டு தொட்டியைவிட ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. உயரம் இரண்டரை அடி போதும். கதிரையில் இருப்பவரின் கண்ணுக்கு மீன் தெரியும்.

நான்கு கால்கள், மூன்று அங்குலச் சதுரம். மேல் நீளச் சட்டம் இரண்டும் மூன்று அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பு. சட்டத்தைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். அதே மரம்தான், நிமிர்ந்து நின்றால் வளைவை நான்கு மடங்கு தாங்கும். காலின் தலையில் வெளிப்பக்கமாக ஒன்றரை அங்குல ஆழமும் மூன்று அங்குல இறக்கமும் உள்ள படி வெட்டி, நீளச் சட்டத்தை அந்தப் படியில் உட்கார வையுங்கள். இதுதான் பரணின் கவர். படியின் அடி, மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் கடதாசி மடித்து வைத்து ஏமாற்ற முடியாது. குறுக்குச் சட்டங்களுக்குக் கழுந்து செதுக்கிக் காலில் துளையிட்டு இறக்குங்கள். நிலத்திலிருந்து ஆறு அங்குலத்தில் கீழ்ச்சட்டம் நான்கும் இதேபோலக் கழுந்துடன் வரும்.

கூட்டும்போது மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு கர்ணமும் ஒரே நீளமாக இருந்தால் சட்டம் சதுரித்து நிற்கின்றது. வீட்டு அத்திவாரத்துக்குக் கயிறு பிடிப்பதும் இதே கணக்குத்தான்.

இப்போது தாங்கியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடும். நான்கு மூலைச் சட்டம் சாயும், முக்கோணம் சாயாது. வேலிப் படலைக்குக் குறுக்கே ஒரு சரிவுத் தடி அடிப்பது அதனால்தான். பின்பக்கத்தில் ஒரு சரிவுச் சட்டம் போடலாம், அல்லது ஒட்டுப்பலகை ஒன்றைக் காலோடும் சட்டத்தோடும் சேர்த்துத் திருகலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தொட்டியைப் பிடித்துத் தொங்குவார்கள் என்பதை மனதில் வைத்துச் செய்யுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சரிவுச் சட்டம் போட்டால் இன்னும் நல்லது.

வாவிக்கரைக் காற்றில் உப்பு உண்டு; இரும்பாணி துருப்பிடித்து மரத்தையும் கறுக்கச் செய்யும். பித்தளைத் திருகாணி பாவியுங்கள். பித்தளை மெதுமையானது, வைரமரத்தில் நேரே முறுக்கினால் கழுத்து முறியும். முதலில் தமரால் துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கி, பிறகு பித்தளையில் கொஞ்சம் சவர்க்காரம் தடவி ஏற்றுங்கள். சாதாரண வெள்ளைப் பசை தண்ணீர் பட்டுப் பட்டு இளகும். அரல்டைற் போன்ற இரண்டு குழாய்ப் பசைதான் ஏற்றது.

தட்டுக்கு 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை மிகத் தோதானது. பலகை போடுவதாயின் அகலப்பாட்டில் குறுக்காகப் போட்டு, முன் பின் நீளச் சட்டங்களில் உட்கார வைத்து, பலகைக்குப் பலகை ஒரு தகட்டளவு இடைவெளி விடுங்கள். வாடைக் காற்றும் மாரி மழையும் தொடங்கினால் மரம் ஊதும். இடம் இல்லாவிட்டால் நடுவில் எழும்பி நிற்கும், கண்ணாடி அதன் மேல்தான் இருக்கப் போகின்றது.

பூச்சு

பூச்சு அழகுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சிந்தும். மண்கடதாசி 80ஆம் இலக்கத்தில் தொடங்கி, 120, பின் 220 என்று மரத்தின் ஓட்டத்தோடு தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷின் கீழ் இரண்டு மடங்காகத் தெரியும். தூசியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சீலர் ஒரு பூச்சு, அதன்மேல் வார்னிஷ் மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் விட்டு மெல்லத் தேய்க்க வேண்டும். மழைநாளில் பூசினால் ஈரம் உள்ளே பிடிபட்டு வெள்ளையாகப் புகை போர்த்தும்.

கண்ணுக்குத் தெரியாத இடங்களே முக்கியம்: தட்டின் அடிப்பக்கம், சட்டங்களின் நுனிவெட்டு, காலின் அடி. நுனிவெட்டு வைக்கோல் கட்டைப் போலத் தண்ணீர் குடிக்கும். அதற்கு ஒரு பூச்சு கூடக் கொடுங்கள். காலின் அடியில் பழைய ரயரை வட்டமாக வெட்டி ஒட்டினால் சிந்தும் நீர் மரத்தைத் தொடாது. மரமுந்திரிகைக் கோது எண்ணெய் மரத்தைக் காக்கும், ஆனால் தோலைப் பொசுக்கும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வேண்டாம். ஆளி எண்ணெய் பூசுவோர் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள். குடிசையும் கொட்டிலும் உள்ள இடங்களில் இதனைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். வார்னிஷ் மணம் முற்றாகப் போகும் வரை ஒரு கிழமையாவது தாங்கியைக் காற்றில் வையுங்கள்.

கொடுக்கும் முன்

ஐம்பது கிலோ மணல்மூடை ஐந்தைத் தட்டில் ஏற்றி ஒரு நாள் முழுவதும் விடுங்கள். சட்டத்தின் கீழ் ஒரு நூல் கட்டி வைத்தால் தொய்வு தெரியும். மூட்டு எங்காவது வாய் திறந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

விலை சொல்லும்போது மரம், திருகாணி, வார்னிஷ் மட்டும் கூட்டிச் சொல்வோர் உண்டு. உங்கள் நாட்கூலியையும் கூட்டுங்கள். வேறொருவர் வீட்டில் அதே நாள் வேலை செய்தால் என்ன கேட்பீர்களோ அதனை. மரத்தின் பணத்தை முற்பணமாக வாங்கிக்கொள்வது வழமை.

வாங்கியவர் வீட்டில் தாங்கியை வைத்ததும் நீர்மட்டக் குழாயால் நான்கு மூலையும் பாருங்கள். நமது வீட்டுச் சீமெந்து நிலம் வாசலை நோக்கிச் சரிவாகவே இருக்கும். தாழ்ந்த காலின் கீழ் வைரமரத் தகடு செருகுங்கள். தட்டின்மேல் அரை அங்குல ரெஜிபோம் விரித்துத் தொட்டியை இறக்கினால் சிறு மேடு பள்ளத்தை அது விழுங்கிக்கொள்ளும். மின்வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி வர வேண்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிப் போகும், பிளக்குக்குள் போகாது. பாதித் தண்ணீர் நிரப்பி ஒரு மணித்தியாலம் விட்டு, நீரின் விளிம்பைக் கண்ணாடியின் இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கூடியிருந்தால் தண்ணீரை இறைத்து எடுத்த பிறகே தகட்டைத் திருத்த வேண்டும். நிரம்பிய தொட்டியின் கீழ் ஆப்பு அடிக்கக் கூடாது.