டிகாக்‌ஷன் இறங்க மறுத்தால்

பால் பொங்கிவிட்டது, ஃபில்டரில் டிகாக்‌ஷன் மட்டும் இறங்கவில்லை. காபித்தூளைக் குறை சொல்லுமுன் மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி தெரியாத துளைகள் அடைபட்டவை.

காபியில் எண்ணெய்ப் பசை உண்டு. அது துளை ஓரங்களில் படிந்து, நுண்ணிய தூளையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிக்கரி கலந்த தூள் ஈரத்தில் ஊறிப் பிசுபிசுப்பதால் அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும். பழைய எண்ணெய் காற்றுபட்டுச் சிக்குவாடை அடிக்கும். மறுநாள் புதுக் காபியிலும் அந்த வாடை ஏறும்.

எவர்சில்வர் ஃபில்டர் என்றால் பாட்டிமார் வழி இன்றும் பலிக்கும். மேல் பாத்திரத்தின் அடிப்பகுதியை அடுப்புத் தணலில் சிறிது நேரம் காட்டினால் அடைப்பு கருகிவிடும். ஆறியபின் தட்டி, தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் உள்ளே ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரை ஒருபோதும் தீயில் காட்டக் கூடாது. பூச்சுக்குரிய வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதற்குச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைப்பதே நல்லது. புளி வெளிப்புறத்துக்கு மட்டும்.

மின்சார காபி மேக்கரின் சிக்கல் வேறு. போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு உட்குழாயில் படிந்து, நீர் மெதுவாக வரும். வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி, தூளில்லாமல் ஒருமுறை ஓட்டினால் உப்பு கரையும். பிறகு வாடை போகும்வரை வெறும் தண்ணீரை ஓட்ட வேண்டும்.