முடிதிருத்தும் கடையில் என்ன படம்?

"தெருவில் தினமும் பார்ப்பதைப் படமெடுத்து மாட்டினால் அது கண்காட்சியா?" என்று அவையில் ஓர் ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலாக ஒரு பினாங்குக்காரரைச் சொல்கிறேன்.

இஸ்மாயில் ஹாஷிம், 1940-இல் பிறந்தவர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இவருடைய கேமரா பெரிய மனிதர்களைத் தேடிப் போகவில்லை. சைக்கிள் இருக்கைகளை எடுத்தார். 1986-இல் ஜார்ஜ்டவுனின் பத்து முடிதிருத்தும் கடைகளை நெருங்கி நின்று எடுத்து, ஒரே படைப்பாக்கினார். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையாலேயே வண்ணம் பூசுவார். நம் பாட்டி காலத்து ஸ்டூடியோ படங்களில் கன்னத்துக்கும் சேலைக் கரைக்கும் சாயம் தீட்டுவார்களே, அந்த வேலைதான். அந்த மரியாதையை இவர் தெருச் சாமான்களுக்குக் கொடுத்தார்.

2013-இல் அவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற பிலிம் சுருள்களையும் படங்களையும் பிரித்து அடுக்கி, கலைஞர் வோங் ஹோய் சியோங் குழுவினர் 2015-இல் ஜார்ஜ்டவுனில் காட்சிக்கு வைத்தார்கள்.

இடையில் நடந்ததைக் கவனியுங்கள். பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 கடைசியோடு முடிந்தது. வாடகை ஏறியது, சிறு கடைக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். 2008-இல் ஜார்ஜ்டவுனும் நம் மலாக்காவும் சேர்ந்தே யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. சுவருக்குப் பாதுகாப்பு வந்தது. உள்ளே கத்திரிக்கோல் பிடித்தவருக்கு? 1986-இல் வெறும் கடையாக இருந்தது, இன்று சாட்சி.

சரி, நமக்கு வருவோம். புலாவ் செபாங்கில் மின்ரயில் தண்டவாளம் வந்தபோது நிலையமே மாறிப்போனது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் கல்யாணம், காதுகுத்து, தீமிதி. ஆயாக் கொட்டகை ஒரு படத்திலும் இல்லை. பெரட்டுக் களம் இருக்கிறது, அதுவும் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒரு மூலையில், தற்செயலாக!

அந்த மூலைகளைத்தான் தேடச் சொல்கிறேன். பின்னணியில் லயத்து வாசலோ தண்ணீர்க் குழாயோ தெரிந்தால் அந்தப் படத்தைத் தனியே எடுத்து வையுங்கள். பின்பக்கம் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். எது யார் வீட்டு வாசல் என்று சொல்லக்கூடிய பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.